செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் தேடி 14 மாதம்: யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்

2023 ஜூனில் தேட ஆரம்பித்தேன், 2024 ஆகஸ்ட்டில்தான் சாவி கைக்கு வந்தது. நடுவில் எண்பதாயிரம் ரூபாய் எதற்கும் ஆகாமல் போனது. அதைவிடப் பெரிய நஷ்டம், அருமையாக வைத்திருந்த ஒரு காரை நான் பேசிய ஒரே ஒரு போன் காலால் கைநழுவ விட்டது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இந்த மாதிரி கார்களை நம்ம ஊரில் எப்படிப் பார்க்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் ஸ்விஃப்ட், இன்னோவா வாங்கியவர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், தொகைகளையும் மறைக்காமல்.

நான் கோயம்புத்தூர். பள்ளிக்கூடக் காலத்தில் கார் ரேஸ் பார்க்க மாமா கூட்டிப் போவார், அந்தச் சத்தம் காதில் நின்றுவிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கொஞ்சம் பணம் சேர்ந்தது. மனதில் இருந்தது ஒரே கார்: பிஎம்டபிள்யூ இசட்4, ஈ89 என்று சொல்வார்களே அந்தத் தலைமுறை. மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 306 குதிரைத்திறன், இரண்டே சீட், பட்டனை அழுத்தினால் இருபது விநாடிக்குள் மடங்கிப் பின்னால் போய் உட்காரும் இரும்புக்கூரை மாதிரியான கெட்டிக் கூரை. புதிதாக வந்தபோது அறுபது லட்சத்தை ஒட்டி விற்ற கார், நான் தேடியபோது 13 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை கேட்டார்கள். இங்கேதான் முதல் பாடம். காரின் விலை 15 லட்சமாக இறங்கிவிட்டாலும் அதன் பாகங்களின் விலை இறங்குவதில்லை. வாட்டர் பம்ப் போனால் அறுபது லட்ச ரூபாய் காருக்கான வாட்டர் பம்ப்தான் வாங்க வேண்டும். இது எனக்கு முதல் நாள் உறைத்திருந்தால் அடுத்து வந்த பல தவறுகள் நடந்திருக்காது.

முதல் தவறு டெல்லி. அங்கே அப்போது பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம், டீசல் வண்டிக்கு 10 வருஷம் என்று கட்டுப்பாடு இருந்ததால் வயதான சொகுசு கார்களைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். கரோல் பாக்கில் ஒரு வியாபாரி, 2010 மாடல், 38 ஆயிரம் கிலோமீட்டர், 13.9 லட்சம். போட்டோவில் வெள்ளைக் கார், சிவப்பு சீட். பார்த்ததும் மயங்கிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். “சார், லூதியானாவிலிருந்து ஒரு பார்ட்டி நாளைக்கு வர்றாங்க, நீங்க டோக்கன் போட்டா வண்டியை நிறுத்தி வைக்கிறேன்” என்றார். அன்று ராத்திரியே ஐம்பதாயிரம் அனுப்பினேன். கார் திருப்தியாக இல்லாவிட்டால் பணம் திரும்ப வருமா என்று கேட்டேன், “ஏன் சார் வராது” என்றார். அதை எழுத்தில் வாங்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வரி கூட இல்லை.

டெல்லி போய்ப் பார்த்தால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்ததும் தூணில் பழைய ஆயில் மாற்றிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: 2019, 61 ஆயிரம் கிலோமீட்டர். மீட்டரைக் குறைத்தவர்கள் அந்த ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்துவிட்டார்கள். ஸ்டியரிங் தோல் வழவழவென்று தேய்ந்திருந்தது, சீட்டின் வெளிப்புற மடிப்பு நைந்திருந்தது, பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் விரல் வைத்தால் வரப்பு மாதிரி தட்டியது. 38 ஆயிரம் ஓடிய காரில் இதெல்லாம் இருக்காது. எடுத்துக் காட்டியதும் வியாபாரியின் குரல் மாறியது. கார் வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள், டோக்கன் போனது போனதுதான் என்றார். ஒரு மணி நேரம் வாதாடினேன், எனக்கு இந்தி அரைகுறை, அங்கே நான் தனி ஆள். டிக்கெட், தங்கியது, டாக்ஸி எல்லாம் சேர்த்து 21,400. ஆக மொத்தம் 71,400 ரூபாயை விட்டுவிட்டு விமானத்தில் திரும்பி வரும்போது மனைவிக்கு என்ன சொல்வது என்பதே யோசனையாக இருந்தது. அவள் திட்டவில்லை. “சரி, விடுங்க. இனிமே பாக்காம காசு குடுக்காதீங்க” என்றாள். அது திட்டியதைவிட வலித்தது.

இந்த இடத்தில் இரண்டு விஷயம். நேரில் பார்க்காத காருக்கு டோக்கன் போடாதீர்கள், “இன்னொரு பார்ட்டி வர்றாங்க” என்றால் வரட்டும் என்று விட்டுவிடுங்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் ஐந்தாயிரத்துக்கு மேல் வேண்டாம், எந்த நிலையில் பணம் திரும்பும் என்று குறைந்தது மெசேஜிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, வெளிமாநில வண்டியின் விலையை அப்படியே நம்பாதீர்கள். அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும், இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ், அதாவது ஆயுட்கால வரி, கட்ட வேண்டும். அந்த வரியை நீங்கள் வாங்கிய விலையை வைத்துப் போட மாட்டார்கள், புதிதாக விற்ற விலையை வைத்துப் போட்டு வயதுக்கு ஏற்பக் கழிப்பார்கள். திரும்பி வந்தபின் ஆர்டிஓ ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் ஏஜென்ட் அண்ணனிடம் கேட்டேன், நாலு லட்சத்துக்கு மேல் வரும் என்றார். அதாவது 13.9 லட்ச டெல்லி கார் கோவை வந்து சேரும்போது 18 லட்சம் கார். புதுச்சேரி நம்பர் வண்டிகள் மலிவாகக் கிடைப்பதற்கும் காரணம் இந்த வரிதான், நம் வீட்டு வாசலில் நிரந்தரமாக நிறுத்தப்போகிற வண்டி என்றால் அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். அன்றிலிருந்து டிஎன் நம்பர் தவிர எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்தது எழுதவே தயக்கமாக இருக்கிறது. 2023 நவம்பரில் கோவை ரேஸ் கோர்ஸ் பக்கத்திலேயே ஒரு கார் விற்பனைக்கு வந்தது. சாம்பல் நிறம், சிங்கிள் ஓனர், ஷோரூம் சர்வீஸ் பில் எல்லாம் ஃபைல் போட்டு வைத்திருக்கிறார் என்று தெரிந்த ஒருவர் சொன்னார். கேட்ட விலை 19.5 லட்சம். டெல்லியில் ஏமாந்த கோபம் எனக்குள் அப்படியே இருந்தது, இனி நான் ஏமாற மாட்டேன் என்ற வீம்பு. இணையத்தில் வேறு “கேட்ட விலையில் முப்பது சதவீதம் குறைத்து ஆரம்பி” என்று படித்திருந்தேன். போன் போட்டு, காரைப் பார்க்காமலேயே, “14 லட்சத்துக்குன்னா இன்னைக்கே எடுத்துக்கறேன்” என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. “காரை வந்து பாத்தீங்களா தம்பி?” என்று கேட்டார். இல்லைங்க என்றேன். “பாக்காம எப்படீங்க விலை சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார். அப்புறம் மூன்று முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டேன், படித்தார், பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து அது 17.25 லட்சத்துக்குப் போனது என்று கேள்விப்பட்டேன். வாங்கியவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், காபி குடித்து, பில் எல்லாம் பார்த்து, பொறுமையாகப் பேசி வாங்கியிருக்கிறார். அந்த விலையை நானும் கொடுத்திருப்பேன். சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

வியாபாரியிடம் பேசுவதும் சொந்தக்காரரிடம் பேசுவதும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. வியாபாரிக்கு அது சரக்கு, அவரிடம் அடித்துப் பேசலாம், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பத்துப் பன்னிரண்டு வருஷம் துடைத்து வைத்திருந்தவருக்கு அது அப்படியில்லை. அடிமாட்டு விலை கேட்டால் இவனுக்குக் காரின் அருமை தெரியாது என்றுதான் நினைப்பார், அதன்பின் நாம் விலையை ஏற்றினாலும் கொடுக்க மனசு வராது. போனில் விலையே பேசாதீர்கள். “வந்து பார்க்கலாங்களா?” என்பதோடு போன் பேச்சு முடியட்டும்.

2024 பிப்ரவரியில் சென்னையில் ஒன்று. கறுப்பு, 2013 மாடல், 14.25 லட்சம், டிஎன் நம்பர். இந்தத் தடவை கணபதியில் வெளிநாட்டுக் கார்கள் மட்டும் பார்க்கும் மெக்கானிக் ஒருவரைக் கையோடு கூட்டிப் போனேன். அவர் கூலி, ரயில், சாப்பாடு எல்லாம் 8,600 ஆனது. நான் பெயின்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் பேனட்டைக் கூடத் திறக்கவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். இழுத்த நுனியில் ஒரு பழுப்புக் கோடு. சீட்டைப் பின்னுக்குத் தள்ளித் தண்டவாளத்தைக் காட்டினார், துரு. கார்பெட்டைக் கொஞ்சம் தூக்கி விரலால் தடவினார், நைசான வண்டல். “அண்ணா, டிசம்பர் தண்ணி” என்று என் காதருகே சொன்னார். மிக்ஜாம் புயல் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெளியே பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தார்கள். இந்த வகைக் காரில் கணினிப் பெட்டிகளும் வயர்களும் தரையை ஒட்டி நிறைய இருக்கும், தண்ணீர் புகுந்தால் உடனே தெரியாது, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் போகும். அந்த 8,600 ரூபாயைச் செலவழித்ததில் எனக்கு வருத்தமே இல்லை, அது என் பதினான்கு லட்சத்தைக் காப்பாற்றியது. ஆனாலும் கணக்கு என்று பார்த்தால் அதோடு எண்பதாயிரம் போயிருந்தது, ஒன்பது மாதம் போயிருந்தது, கார் இல்லை. விட்டுவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

மார்ச்சில் திருப்பூரிலிருந்து ஒரு தகவல். பனியன் எக்ஸ்போர்ட் செய்கிறவர், 2012 மாடல், நீலம், 31 ஆயிரம் கிலோமீட்டர், கேட்பது 18.5 லட்சம். போவதற்கு முன் அரசின் பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். எத்தனையாவது ஓனர், வங்கிக் கடன் பாக்கி என்று ஹைப்போதிகேஷன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். முதல் ஓனர், கடன் இல்லை, இன்சூரன்ஸ் ஆகஸ்ட் 22 வரை. கடைசியாகச் சொன்ன தேதியைக் குறித்து வைத்துக்கொண்டேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கார் கம்பெனி ஷெட்டில் துணி போர்த்தி நின்றது. முதலாளி வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள், அந்த அரை மணி நேரம்தான் இந்தத் தேடலிலேயே எனக்கு மிகவும் உதவியது. அங்கே இருந்த வாட்ச்மேன் அண்ணன், அறுபது வயதிருக்கும், ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் காரை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓட விடுவது அவர் வேலை. பேச்சுக் கொடுத்தேன். போன மழையில் கூரை பாதியில் நின்றுவிட்டது, கோவையிலிருந்து ஆள் வந்து சரி செய்தார்கள், ஒரு தடவை எலி உள்ளே போய் வயர் கடித்தது, பேட்டரி இரண்டு முறை மாற்றியது, எல்லாம் மறைக்காமல் சொன்னார். “வண்டி வெளியவே போறதில்லீங்க. ஐயாவுக்கு முதுகு வலி, குனிஞ்சு ஏற முடியறதில்ல” என்றார். விற்பனைக்கான உண்மையான காரணம் அதுதான். டிரைவர், வாட்ச்மேன், அந்தக் காரைக் கழுவுகிற பையன், இவர்களிடம் இரண்டு வார்த்தை பேசாமல் எந்தக் காரையும் வாங்காதீர்கள்.

ஓடாமல் நிற்கும் காருக்கு வேறு நோய்கள். 31 ஆயிரம் என்றதும் புதுசு போல என்று நினைக்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். இதில் 2216 என்று இருந்தது, அதாவது 2016-ஆம் வருஷம் 22-ஆம் வாரம். டயரின் மேல் பட்டன் தேயாமல் அப்படியே இருக்கிறது, ரப்பர் செத்துவிட்டது. அதுவும் இது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-பிளாட் டயர், காரில் ஸ்டெப்னி கிடையாது. மெக்கானிக் ஸ்கேனர் போட்டார். இந்தக் கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்ல, உள்ளே வேறு பெட்டியிலும் பதிவாகும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதில் ஒத்துப்போனது. ஆயில் ஃபில்டர் இருக்கும் இடத்து கேஸ்கெட்டில் கசிவு, அதை விட்டால் எண்ணெய் பெல்ட்டின் மேல் விழும். வால்வ் கவரிலும் கசிவு. வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, பன்னிரண்டு வருஷம் ஆனதால் மாற்றிவிடுவது நல்லது என்றார். கூரையை மூன்று முறை திறந்து மூடினோம், காலையில் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை, ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு இரண்டு முறை. டிக்கியில் இருக்கும் தடுப்பைச் சரியாக மாட்டாவிட்டால் கூரை நகராது, அதைப் பார்த்துப் பழுது என்று பயந்துவிட வேண்டாம்.

எல்லாவற்றையும் மெக்கானிக்கை ஒரே தாளில் எழுதச் சொன்னேன். நாலு டயர் 1,18,000. வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் 72,000. கேஸ்கெட் வேலை 54,000. பேட்டரி 27,000. ஆயில், கியர் பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில் 31,000. மொத்தம் 3,02,000. முதலாளியிடம் முதலில் காரைப் பற்றி நல்லதாக என்ன தோன்றியதோ அதைச் சொன்னேன், உண்மையாகவே பெயின்ட் அருமையாக இருந்தது. அப்புறம் தாளைக் கொடுத்தேன். “குறை சொல்றேன்னு நினைக்காதீங்க, நான் எடுத்தா முதல் மாசமே இதைச் செய்யணும், அதனால எனக்கு 15-தான் கட்டுப்படியாகும்” என்றேன். அவர் கண்ணாடி போட்டு வரி வரியாகப் படித்தார். கோபமே படவில்லை. டயர் விலை அவ்வளவா என்று மட்டும் கேட்டார். 17.75-க்குக் கீழே வராது என்றார். சரிங்க, யோசித்துச் சொல்லுங்க என்று கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. 17.75-க்கே எடுத்துவிடலாம், இதையும் விட்டுவிடாதே என்று. மறுநாள் காலை போனைக் கையில் எடுத்து வைத்தேன், இரண்டு தடவை. பொறுமை என்பது சும்மா இருப்பது என்று நினைத்திருந்தேன், அது ரொம்பக் கஷ்டமான வேலை என்று அந்த வாரம்தான் தெரிந்தது. எனக்கு உதவியது ஒன்றுதான்: இந்தக் காருக்கு நான் கொடுக்கக்கூடிய உச்ச விலை 16 லட்சம் என்று அந்தத் தாளின் பின்பக்கம் எழுதி, மனைவியிடம் கொடுத்திருந்தேன். அதைத் தாண்ட வேண்டுமென்றால் அவளிடம் போய்க் காரணம் சொல்ல வேண்டும். இன்னொன்று, பணம் தயாராக இருந்தது. இவ்வளவு வயதான காருக்கு வங்கிகள் கடன் கொடுப்பது அரிது, அதனால் விசாரிக்கிற பத்துப் பேரில் கையில் முழுப்பணம் இருப்பவர் ஒருவர்தான் இருப்பார், அந்த ஒருவர் நாமாக இருந்தால் அவசரமே தேவையில்லை.

சித்திரை ஒன்றுக்கு வாழ்த்து அனுப்பினேன், காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மே மாதம் நானாகக் கூப்பிடவில்லை. ஜூனில் அவரே கூப்பிட்டு 17 என்றார். 15.25 வரை வருகிறேன் என்றேன். அப்புறம் ஆடி பிறந்தது. ஆடியில் நம்ம ஊரில் வண்டி வாங்க மாட்டார்கள், மார்கழியும் அப்படித்தான், விசாரிப்புப் போன் கூட வராது. அதோடு ஆகஸ்ட் 22-க்கு இன்சூரன்ஸ் முடிகிறது, விற்கப்போகிற காருக்கு இன்னொரு வருஷப் பிரீமியம் கட்ட யாருக்கும் மனசு வராது. அவருடைய காலண்டர் என்ன சொல்கிறது என்று மார்ச்சிலேயே எனக்குத் தெரிந்திருந்ததால்தான் காத்திருக்க முடிந்தது. ஜூலை கடைசியில் கூப்பிட்டார். “ஏனுங்க, கடைசியா சொல்லுங்க, ஷெட்ல மிஷின் எறக்கோணும், எடம் வேணும்” என்றார். நேரில் வருகிறேன் என்றேன். 15.6-க்கு முடிந்தது. இரண்டாவது சாவி, எல்லா ஒரிஜினல் பில்லும், உறையும் சேர்த்து. ஆடிப்பெருக்கு அன்று, ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, அட்வான்ஸ் கொடுத்தேன். ஆடியிலும் பதினெட்டு நல்ல நாள்தானே, அவர் வீட்டில் பாயசம் கொடுத்தார்கள்.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழுத்தொகையும் வங்கி வழியாக அனுப்புங்கள், இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, விற்பவருக்குத்தான் சிக்கல் வரும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தைச் சாவி வாங்கும்போதே வாங்குங்கள். காரை ஒப்படைத்த ரசீதில் தேதி மட்டுமல்ல, நேரமும் எழுதுங்கள், அதற்கு முந்தைய அபராதமெல்லாம் அவர் பொறுப்பு. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்காக அவருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் சலுகை உங்களுக்கு வராது, வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். என் காரின் ஆர்சி 2027 வரைதான், 15 வருஷம் முடிந்ததும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், அந்தச் செலவையும் விலை பேசும்போதே மனதில் வைத்திருந்தேன். தாளில் 3,02,000 என்று எழுதிய ரிப்பேர் கடைசியில் 3,41,000 ஆனது, எலி கடித்த இன்னொரு வயர் டேஷ்போர்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. எழுதிய மதிப்பீட்டுக்கு மேல் பத்துப் பதினைந்து சதவீதம் ஒதுக்கி வையுங்கள்.

காரை எடுத்த அன்று சாயங்காலம் கிளம்பும்போது வாட்ச்மேன் அண்ணன் கேட்டைத் திறந்துவிட்டு நின்றார். ஊர் எங்கே என்று கேட்டேன், அவிநாசிக்குப் பக்கம் என்றார், டியூட்டியும் முடிந்திருந்தது. ஏறுங்க, என் வழிதான் என்றேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார், அதெல்லாம் வேண்டாம், போட்டுக்கொண்டே ஏறுங்க என்றேன். ஆறு வருஷமாக வாராவாரம் ஸ்டார்ட் செய்தவர், ஷெட்டை விட்டு அந்தக் கார் வெளியே போகும்போது ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லையாம். கூரையைத் திறந்தேன். அவிநாசி வரும் வரை அவர் ஒன்றும் பேசவில்லை, ஒரு கையைக் கதவின் மேல் வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.